இன்ஜின் இல்லாமல் 78 முறை பறந்த போர் விமானம்



போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளைச்சாவடிக்கு வந்து, விமானம் பறப்பதைப் பார்க்காமல் பிரியாணி மட்டும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனீர்களே, அந்த முப்பது பேருக்காகத்தான் இந்தப் பதிவு. வராதவர்களும் படிக்கலாம். குடும்பக் குழுவில் ஓடிய கேலியை எல்லாம் பார்த்தேன். "பொம்மை ப்ளேனுக்கு இவ்வளவு பில்டப்பா அத்தை?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. வகுப்பில் உட்கார்ந்திருந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் பரீட்சை கிடையாது.

முதலில், அது பொம்மை இல்லை. என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த பையன், இன்று நாற்பதைத் தாண்டியவன், மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர் வேலை செய்கிறவன், இரண்டு வருடமாக இராத்திரியில் உட்கார்ந்து செய்தது. உண்மையான விமானத்தில் ஆறில் ஒரு பங்கு அளவு. நீளம் 2.6 மீட்டர், இறக்கை விரிப்பு ஒன்றரை மீட்டர், எடை 11 கிலோ. பால்சா மரம், ப்ளைவுட், மேலே ஃபைபர் துணி. உள்ளே குழாய்க்குள் சுழலும் இரண்டு மின்விசிறிகள். ஒரு மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிற 11 கிலோ பொருள் தலைக்கு மேல் வருகிறது என்று நினைத்துப் பாருங்கள். பொம்மை என்று சொல்ல வாய் வராது.

அந்த விமானத்தின் பெயர் மாருத். மந்தமாருதம் என்கிறோமே, அதே காற்றுதான். எச்.எஃப்.24 மாருத், இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்ட முதல் ஜெட் போர் விமானம். என்னோடு பெங்களூர் சுற்றுலா வந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், கஸ்தூர்பா சாலையில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் நிற்கிறதே, அதுதான். அதன் அடியில் நின்று குரூப் போட்டோ எடுத்தோம். அன்று எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடினீர்கள். இந்தப் பையன் மட்டும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மாருத்தின் கதை 1956-இல் தொடங்குகிறது. ஜெர்மனியின் குர்ட் டாங்க் என்ற பொறியாளர் அந்த வருடம் பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்கு வந்தார். இரண்டாம் உலகப் போரில் பெயர் வாங்கிய ஃபோக்கே வுல்ஃப் 190 போர் விமானத்தை வடிவமைத்தவர். நம் அப்துல் கலாம் தன் சுயசரிதையில் இவரைக் குறிப்பிடுகிறார். விமானப்படை கேட்டது ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம். ஆனால் அன்றைக்கு நம்மிடம் இருந்தது மிகச் சிறிய வடிவமைப்புப் பிரிவு. ஜெட் போர் விமானம் வடிவமைத்த அனுபவம் யாருக்கும் இல்லை. டாங்க்கும் அவரோடு வந்த ஜெர்மன் பொறியாளர்களும் நம் ஆட்களோடு சேர்ந்து வரைபடம் போட்டார்கள்.

அடுத்து அவர்கள் செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது. நேராக ஜெட் விமானத்தைக் கட்டிப் பறக்கவிடவில்லை. முதலில் மரத்தால் ஒரு கிளைடர் செய்தார்கள். கிளைடர் என்றால் இன்ஜின் இல்லாத விமானம். எக்ஸ்-241 என்று பெயர். சின்ன மாதிரி அல்ல, வரப்போகும் போர் விமானத்தின் அதே நீள அகலம், அதே இறக்கை வடிவம், அதே மாதிரி திருப்பும் பலகைகள். 1959-இல் ஒரு டகோட்டா விமானத்தின் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்து மேலே கொண்டுபோய் விடுவார்கள். அது காற்றில் மிதந்து இறங்கும். இந்த வடிவம் காற்றில் எப்படி நடந்துகொள்கிறது, மெதுவாகப் போகும்போது மூக்கு எப்படிச் சாய்கிறது என்று விமானி எழுதி வைப்பார். இப்படி ஒன்றல்ல இரண்டல்ல, 78 முறை.

கடைசியில் அந்தக் கிளைடர் எப்படி அடிபட்டது தெரியுமா? இறங்கும்போது மூக்குச் சக்கரம் வெளியே வரவில்லை. இதை மறக்காதீர்கள். திரும்ப வருகிறேன்.

பாடப்புத்தகத்தில் நான் உங்களுக்குச் சொல்லித் தந்தது என்ன? ரைட் சகோதரர்கள், 1903 டிசம்பர் 17, 12 விநாடி, 120 அடி. ஒரு மதிப்பெண் கேள்வி. அதற்கு முன்னால் மூன்று வருடம் அவர்கள் பட்டம் மாதிரி விட்டதையும், சொந்தமாகக் காற்றுச் சுரங்கம் செய்து இறக்கைகளைச் சோதித்ததையும், 1902-இல் நூற்றுக்கணக்கான முறை கிளைடரில் மணல்மேட்டிலிருந்து சறுக்கியதையும் சொல்லித்தரவில்லை. எனக்கே அப்போது தெரியாது. பறந்த தேதியைத்தான் சரித்திரம் பெரிய எழுத்தில் எழுதுகிறது. பறக்காத நாட்களை அது எழுதுவதில்லை.

இப்போது நம் ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

முதல் பறப்புக்கு முன்னால் அவன் என்னென்ன பார்த்தான் என்று பக்கத்தில் நின்று கவனித்தேன். ஒரு நோட்டில் பட்டியல் வைத்திருந்தான். முதலாவது, எடைச் சமநிலை. இறக்கைக்கு அடியில் குறித்து வைத்த இடத்தில் இரண்டு பக்கமும் தாங்கித் தூக்கினால் மூக்கு லேசாகக் கீழே சாய வேண்டும். வால் கீழே போனால் அது பறக்காது, எகிறி விழும். அதற்காக மூக்குக்குள் வலையில் கட்டும் ஈயக் குண்டுகளை வைத்து ஒட்டியிருந்தான். நம் ஊர்ப் பிள்ளை அல்லவா!

இரண்டாவது, திருப்பும் பலகைகள். கையிலுள்ள ரிமோட்டை வலதுபக்கம் தள்ளினால் வலது இறக்கையின் பின்விளிம்புப் பலகை மேலே எழ வேண்டும். கேட்கச் சுலபம். இணைப்பை மாற்றிக் கொடுத்துவிட்டு, ஏறிய நொடியிலேயே தரையில் மோதிய விமானங்கள் எத்தனையோ உண்டாம். மூன்றாவது, ரேடியோ. ரிமோட்டின் சக்தியைக் குறைத்து வைத்துக்கொண்டு நடந்து தள்ளிப்போய், அங்கிருந்தும் பலகைகள் தடுமாறாமல் அசைகின்றனவா என்று பார்ப்பது. நான்காவது, ரிமோட்டை வேண்டுமென்றே அணைப்பது. தொடர்பு அறுந்தால் விசிறிகள் தானாக நிற்க வேண்டும். பிறகு பேட்டரி, இறக்கை போல்ட்டுகள், சக்கரங்கள்.

இடத்துக்கும் விதி உண்டு. 2021-இல் வந்த ட்ரோன் விதிகள் இந்த மாதிரி விமானங்களுக்கும் பொருந்தும். பறக்கும் இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று அரசின் வரைபடத்தில் பார்க்க வேண்டும். லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருப்பதால் நமக்கு அது இன்னும் முக்கியம். அதையும் பார்த்துத்தான் வைத்திருந்தான். காற்றுக்கு மட்டும் பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கேட்டான். ஐம்பது வருடம் கடலுக்குப் போனவர். "ஒம்போது மணிக்குள்ள முடிச்சிடு தம்பி, அப்புறம் கொண்டல் எழும்பிடும்" என்றார்.

எல்லாம் சரி. கடைசியாகச் சக்கரங்கள். விமானத்தை ஸ்டாண்டில் வைத்துச் சக்கரத்தை உள்ளே இழுத்து வெளியே விட்டான். ஒன்பது முறை அழகாக இறங்கியது. பத்தாவது முறை பின்சக்கரம் இரண்டும் வந்தன. மூக்குச் சக்கரம் வரவில்லை.

அவன் ஒன்றும் பேசவில்லை. பேட்டரியைக் கழற்றினான். நம் கூட்டத்தில் ஒருவர், பெயர் வேண்டாம், "ஒம்போது தடவ எறங்குச்சே, விடு தம்பி, எல்லாரும் வந்திருக்காங்க" என்றார். அவன் சொன்ன பதில்: "அந்தப் பத்தாவது தடவ மேல வந்துடுச்சுன்னா என்ன பண்றதுண்ணே?" இறக்கையைக் கழற்றிக் குட்டியானையில் ஏற்றிவிட்டான். அப்போதுதான் நீங்கள் சிரித்தீர்கள்.

1973-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவும் இதே மாதிரி ஒரு வேலை செய்தது. எஃப்-15 என்ற புதிய போர் விமானம் கட்டுப்பாடு இழந்து சுழன்றால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டும். ஆளை வைத்துச் சோதிப்பது ஆபத்து. அதனால் எட்டில் மூன்று பங்கு அளவில் ஆளில்லா மாதிரி ஒன்று செய்து, பெரிய குண்டுவீச்சு விமானத்தின் இறக்கைக்கு அடியில் மாட்டி, உயரத்திலிருந்து விட்டார்கள். எய்னார் எனவோல்ட்சன் என்ற விமானி தரையில் ஓர் அறைக்குள் உட்கார்ந்து ரேடியோ மூலம் அதை ஓட்டினார். சாதாரணமாக விமானத்துக்குள் இருந்து பறக்கும்போது நிமிடத்துக்கு 70, 80 துடிக்கும் அவர் இதயம், அந்த முதல் பறப்பில் 130-ஐத் தொட்டது. உயிருக்குப் பயம் இல்லை. நாற்காலியில்தான் இருக்கிறார். ஆனாலும் இதயம் அடித்துக்கொண்டது. "கையில ரிமோட்டதான வச்சிருக்கான், என்ன பயம்?" என்று கேட்டவர்களுக்கு இது பதில்.

மாருத் பிறகு என்ன ஆயிற்று? 1961 ஜூனில் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் அதை முதன்முறையாகப் பறக்கவிட்டார். உடம்பு அருமையான உடம்பு. ஆனால் அதற்கென்று நினைத்து வைத்திருந்த சக்திவாய்ந்த பிரிட்டிஷ் இன்ஜின் கடைசிவரை வரவில்லை. அதை உருவாக்கி முடிக்கக் கேட்ட பணத்தைக் கொடுக்க நம் அரசு முன்வரவில்லை. எகிப்தில் செய்த இன்ஜினைக்கூட ஒரு மாருத்தில் பூட்டிப் பார்த்தார்கள். அதுவும் கைகூடவில்லை. சக்தி குறைந்த ஆர்ஃபியஸ் இன்ஜின்களோடே 147 விமானங்கள் செய்தார்கள். ஒலியைப் போல இரண்டு மடங்கு என்று ஆரம்பித்தது, ஒலியின் வேகத்தை ஒட்டியே நின்றுவிட்டது. ஆனாலும் 1971 போரில் ராஜஸ்தான் பக்கம் தரைப்படைக்குத் துணையாக நின்று பெயர் வாங்கியது. 1990-ஓடு அதன் பணி முடிந்தது.

சுரஞ்சன் தாஸ் 1970 ஜனவரி 10 அன்று, சக்தி கூட்டப்பட்ட ஒரு மாருத்தைச் சோதிக்கக் கிளம்பியபோது பெங்களூரில் விபத்தில் இறந்தார். பெங்களூரில் இருக்கும் நம் பிள்ளைகள் பழைய மெட்ராஸ் ரோட்டிலிருந்து எச்.ஏ.எல். பக்கம் திரும்பும்போது சுரஞ்சன் தாஸ் ரோடு என்று பலகை பார்ப்பீர்களே, அது இவர் பெயர்தான். அடுத்த முறை டிராஃபிக்கில் நிற்கும்போது ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தயார் செய்தாலும் ஆபத்து முழுதாகப் போய்விடாது. தெரிந்த ஆபத்தைத் தரையிலேயே நிறுத்துவது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

இனி நான் எழுதத் தயங்கிக்கொண்டிருந்த விஷயம்.

இவன் ஏழாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ரப்பர் பேண்டில் பறக்கும் விமானம் ஒன்று செய்து வந்தான். சிறப்பு விருந்தினர் வந்து நிற்கிறார். என் காதருகில் வந்து, "டீச்சர், மூக்குல கனம் பத்தல. கொஞ்சம் களிமண்ணு ஒட்டணும். இன்னைக்கு வேணாம் டீச்சர்" என்றான். எனக்கு வகுப்பின் மானம் பெரிதாகத் தெரிந்தது. "எல்லாரும் பாக்குறாங்க, விடுடா" என்று அதட்டினேன். விட்டான். மேலே எகிறி, நின்று, வால் முன்னால் வர விழுந்து உடைந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சமாளிக்கச் சிரித்தேன். அந்த வருடம் முழுக்க அவன் என்னிடம் எதையும் கொண்டுவந்து காட்டவில்லை.

அன்று அவன் சொன்னது சரி. நான் சொன்னது தப்பு. ஞாயிற்றுக்கிழமை அவன் பேட்டரியைக் கழற்றியபோது எனக்கு அந்தக் களிமண்தான் ஞாபகம் வந்தது. முப்பது வருடம் கழித்து அதே பையன், இன்னும் பெரிய கூட்டத்துக்கு முன்னால், அதே வார்த்தையைச் சொன்னான். இந்த முறை யார் அதட்டியும் கேட்கவில்லை. நான் சொல்லித்தராத பாடம் அது. அவனாகவே கற்றுக்கொண்டான்.

திங்கட்கிழமை இராத்திரி போன் செய்தான். குட்டியானையில் வந்த குலுக்கலில், மூக்குச் சக்கர மோட்டாருக்குப் போகும் ஒயரின் இணைப்பு ஒன்று தளர்ந்திருந்ததாம். மாற்றிவிட்டு ஐம்பது முறை இறக்கி ஏற்றிப் பார்த்தானாம். "இன்னும் ஐம்பது பாக்கி இருக்கு டீச்சர்" என்றான்.

அடுத்த பறப்பு எப்போது என்று கேட்காதீர்கள். அவன் சரி என்று சொல்லும் காலையில், காற்று நன்றாக இருந்தால். இந்த முறை யாரையும் கூப்பிடப் போவதில்லை. அவனும், காற்று பார்க்கப் பெரியவரும், ஓரமாக ஒரு நாற்காலியில் நானும் மட்டும். பிரியாணி அதற்கப்புறம். அன்று சிரித்தவர்கள் எல்லோரும் அவனுக்கு ஒரு போன் போடுங்கள். நான் போட்டுவிட்டேன். முப்பது வருடம் தாமதமாகத்தான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
பிள்ளைச்சாவடி