பள்ளி நம் பெற்றோரிடம் சொல்லாமல் விட்டவை

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் பேசப் போகும்போதெல்லாம் தவறாமல் காதில் விழுகிற வாக்கியம் ஒன்று உண்டு: "இந்தப் பிள்ளைகளோட பெற்றோருக்கு விழிப்புணர்வே இல்லைங்க." கூட்டத்துக்கு வருவதில்லை, பிள்ளை என்ன படிக்கிறது என்று கேட்பதில்லை, கையெழுத்துக்குக் கூப்பிட்டால்கூட நாலு நாள் கழித்துத்தான் வருகிறார்கள் என்று பட்டியல் நீளும். சொல்கிறவர்களில் நல்ல ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஆனால் இந்த வாக்கியம் வரலாற்றைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறது.

பள்ளி வேண்டும் என்று முதலில் கேட்டவர்கள் நம் பெற்றோர்கள்தான். 1891 டிசம்பரில் நீலகிரியில் அயோத்திதாசர் கூட்டிய திராவிட மகாஜன சபையின் மாநாட்டுத் தீர்மானங்களில் பிள்ளைகளின் கல்வி இருந்தது. அடுத்த ஆண்டு சென்னையில் நடந்த மகாஜன சபைக் கூட்டத்தில், கோயில் நுழைவு பற்றி அவர் கேட்டபோது அவமதிப்பே பதிலாக வந்தது. அதே கூட்டத்தில் நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியும் தரிசு நிலமும் வேண்டும் என்று கேட்டார். அடையாற்றில் கர்னல் ஆல்காட் 1894-ல் முதல் இலவசப் பள்ளியைத் திறந்தபோது சேரிக் குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பின. கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று பள்ளிகள் பெருகின. பிள்ளைகளை அனுப்ப ஆளில்லாத இடத்தில் பள்ளி பெருகாது.

அந்தப் பள்ளிகளுக்கு ஒரு எளிய வசதி இருந்தது. அவை சேரியிலோ சேரியை ஒட்டியோ இருந்தன. வேலைக்குப் போகிற வழியில் தாய் எட்டிப் பார்க்கலாம். அரசுப் பணத்தில் நடந்த மற்றப் பள்ளிகளில் பல அக்ரகாரத்திலும் ஊர்த்தெருவிலும் கோயிலை ஒட்டிய கட்டடங்களிலும் இருந்தன. அரசாங்கம் 'எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சேர்' என்று உத்தரவு போட்டாலும் அந்தத் தெருவில் நம் அப்பன் நடக்க முடியாது. தெருவில் நடக்க முடியாதவர் வாத்தியாரிடம் போய் "என் பிள்ளை எப்படிப் படிக்கிறான்?" என்று எப்படிக் கேட்பார்? பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொது அலுவலகம் எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்துவிடக் கோரி 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்ததை நாம் வழியுரிமைப் போராட்டமாகவே படிக்கிறோம். அது பள்ளிக்கூடத்து வாசலுக்குப் போகிற வழியும்தான். இன்றும் 'பெற்றோர் பள்ளிக்கு வருவதில்லை' என்று எழுதுகிற ஆய்வறிக்கைகளில் பள்ளி எந்தத் தெருவில் இருக்கிறது என்ற தகவலைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. சமூகவியல் படித்தவள் என்ற முறையில் எனக்கு இதில் வெட்கமும் உண்டு.

பள்ளி நம் வீட்டைப் பற்றி என்ன நினைத்தது என்பதற்கும் ஆவணம் இருக்கிறது. ஆல்காட் 1907-ல் இறந்தார். அவருக்குப் பின் பிரம்மஞான சபையின் தலைவரான அன்னி பெசன்ட் 1909-ல் 'இந்தியன் ரெவ்யூ' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது, அவர்கள் உடம்பும் உணவும் வாடையும் தலைமுறை தலைமுறையாகச் சுத்தமாக வேண்டும் என்பது அதன் சாரம். காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்று கேட்ட நூலில் அம்பேத்கர் இதை விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். நமக்காகப் பள்ளி நடத்திய சபையின் தலைவரே இப்படி எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும். பிள்ளையைச் சேர்த்துக்கொள்வோம், பெற்றோரைக் கழுவித் தள்ளுவோம் என்பதுதான் அதன் பொருள். 'வீட்டுச் சூழல் சரியில்லை' என்று இன்று மாணவர் பதிவேட்டில் எழுதுகிற பேனா அந்த மையைத்தான் தொட்டிருக்கிறது.

பள்ளி சொல்லாததை வீடு எப்படித் தெரிந்துகொண்டது? சதாராவில் தான் படித்த பள்ளியை அம்பேத்கர் நினைவுகூர்ந்திருக்கிறார். வகுப்பின் மூலையில் தனியாக உட்கார ஒரு சாக்குத் துண்டு. பள்ளியைப் பெருக்குகிறவர் அதைத் தொட மாட்டார். எனவே மாலையில் பிள்ளை அதைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும், காலையில் திரும்பக் கொண்டுவர வேண்டும். தாகம் எடுத்தால் பியூன் குழாயைத் திறந்துவிட வேண்டும், அவர் இல்லையென்றால் தண்ணீரும் இல்லை. அந்தச் சாக்கு தினமும் வீட்டுக்கு வந்தது. மதிப்பெண் அட்டையில் ஒரு வரிகூட இல்லாத செய்தி அதில் இருந்தது.

1953-ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த மாற்றுக் கல்வித் திட்டத்தை, குலக்கல்வி என்று நாம் சரியாகவே பெயர் வைத்து அழைத்ததை, இந்தக் கோணத்தில் யாரும் அதிகம் பேசவில்லை. பள்ளி நேரம் மூன்று மணி நேரமாகச் சுருங்கியது. மீதி நேரம் பிள்ளை வீட்டில் தகப்பன் தொழிலைக் கற்க வேண்டும். அதாவது அரசாங்கம் நம் பெற்றோரை முதன்முறையாக ஆசிரியர்களாக அங்கீகரித்தது, எதற்கு? தோல் பதனிட, பறையடிக்க, சாக்கடை அள்ளச் சொல்லித்தர. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? சட்டசபையிலேயே முன்கூட்டிக் கேட்கவில்லை, காலனியில் எங்கே கேட்பார்கள்! போராட்டம் வலுத்தது, ராஜாஜி பதவி விலகினார், 1954-ல் காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார்.

காமராஜர் காலத்துப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் 1956-ல் தொடங்கிய மதிய உணவும் ஊரைப் பள்ளிக்குள் கொண்டுவந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் 'ஊர்' என்று வந்தவர்கள் யார்? பெஞ்சும் கடிகாரமும் நன்கொடை தர வசதி உள்ளவர்கள். பின்னால் வந்த பெற்றோர் ஆசிரியர் கழகங்களின் தலைவர் நாற்காலியும் பெரும்பாலான கிராமங்களில் அவர்களிடமே நின்றது. அந்தக் கழகத்தை நம்மில் பலருக்கு வினா வங்கிப் புத்தகத்தின் அட்டையில்தான் தெரியும்.

நம் பெற்றோருக்குப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்ததெல்லாம் வேறு காரணங்களுக்கு. சாதிச் சான்றிதழ் கொண்டு வா, வங்கிக் கணக்கு எண் கொண்டு வா, உதவித்தொகைப் படிவத்தில் கைநாட்டு வை. துப்புரவு போன்ற தொழில்களில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கான மத்திய அரசு உதவித்தொகை 1977-78-ல் தொடங்கியது. அதை வாங்க, அப்பா செய்கிற வேலையைப் பிள்ளை எழுதிக் கொடுக்க வேண்டும். நல்ல திட்டம்தான். ஆனால் "எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எந்திரிங்க" என்று வகுப்பு நடுவே சொல்லி விவரம் வாங்குகிற பழக்கத்தை எந்த அரசாணையும் கேட்கவில்லை. பள்ளி தானாகச் சேர்த்துக்கொண்டது அது. காலனியில் எந்த அம்மாவிடமும் கேட்டுப் பாருங்கள். "ஸ்கூல்ல கூப்பிட்டாங்கன்னா, ஒண்ணு காகிதம், இல்லன்னா கம்ப்ளைண்ட்" என்பார்.

அடி விழுந்தது பற்றியோ, தண்ணீர்ப் பானை பற்றியோ கூப்பிட்டுச் சொன்னதில்லை. 1995-ல் சேலம் மாவட்டத்தில், மற்றச் சாதியினருக்கு வைத்திருந்த தண்ணீரைக் குடித்தாள் என்று ஆசிரியர் அடித்ததில் ஒரு தலித் சிறுமி ஒரு கண்ணின் பார்வையை இழந்தாள். கண் போன பிறகுதான் நாட்டுக்குத் தெரிந்தது.

2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தில் நாம் போதுமான அளவு படிக்காத ஒரு பிரிவு உண்டு. 24-வது பிரிவு, ஆசிரியரின் கடமைகள். பெற்றோருடன் முறையாகக் கூட்டம் நடத்தி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம், பிள்ளை பற்றிய மற்ற விவரங்கள் அனைத்தையும் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை. தவறினால் ஒழுங்கு நடவடிக்கை. பெற்றோர் விழிப்பாக இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை, ஆசிரியர் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் 17-வது பிரிவு தடை செய்கிறது. பிள்ளை அச்சமில்லாமல் இருக்க வேண்டும் என்று 29-வது பிரிவு சொல்கிறது. 21-வது பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிக்குப் பாதி பெண்கள், ஒடுக்கப்பட்ட பிரிவுப் பெற்றோருக்கு விகிதாச்சார இடம்.

சட்டம் வந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2022 இறுதியில், ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஒரு பையனுக்கு டெங்கு. எங்கேடா கொசு கடித்தது என்று அம்மா கேட்கிறார். கழிவறை கழுவும்போது என்கிறான் பையன். பட்டியல் சாதிப் பிள்ளைகளைத் தலைமை ஆசிரியை கழிவறை சுத்தம் செய்ய வைத்திருந்தார். அம்மா புகார் கொடுத்தார், வழக்குப் பதிவாகி, தலைமை ஆசிரியை கைதானார். காய்ச்சல் வராமலிருந்தால்? அம்பேத்கரின் சாக்கைப் போல இங்கேயும் பிள்ளையின் உடம்புதான் சேதி கொண்டுவந்தது. விழிப்புணர்வு இல்லை என்று எந்தப் பெற்றோரைச் சொல்கிறார்களோ அவர்களில் ஒருவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பெற்றோர் பேச்சைப் பள்ளி கேட்பதே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் ஒரு அருந்ததியர் பெண் சத்துணவுச் சமையலராக வந்ததும் ஆதிக்கச் சாதிப் பெற்றோர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அதிகாரிகள் உடனே அவரை இடமாற்றினார்கள். இயக்கங்கள் போராடிய பிறகே மாற்றல் ரத்தானது, எண்பதுக்கும் மேற்பட்டோர் மீது வன்கொடுமை வழக்குப் பாய்ந்தது. யார் சமைக்கிறார்கள் என்ற தகவல் ஒரு தெருவுக்கு ஒரே நாளில் போய்ச் சேர்ந்திருக்கிறது. நம் தெருவுக்கோ, பிள்ளை எங்கே உட்காருகிறது என்பதுகூட வந்து சேர்வதில்லை. 'பெற்றோர்' என்று ஒரே சொல்லில் எழுதும்போது இந்த வித்தியாசம் காணாமல் போகிறது.

2022-ல் தமிழ்நாட்டில் மேலாண்மைக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். தலைவராகப் பெண்கள் வந்தார்கள், நம் பெண்களும் பல ஊர்களில் வந்தார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் கூட்டம் பெரும்பாலும் வேலைநாள் பிற்பகலில் நடக்கிறது. நூறு நாள் வேலையிலோ பனியன் கம்பெனியிலோ இருக்கிற தாய்க்கு அது கூலி போகிற நேரம். வாட்ஸ்அப்பில் அறிவிப்பு போட்டாயிற்று என்கிறார்கள், அந்த போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. மாலை ஆறு மணிக்குக் காலனிச் சமுதாயக்கூடத்தில் ஒரு கூட்டம் வைக்கச் சட்டத்தில் தடை ஏதும் இல்லை. குழுவின் தீர்மானப் பதிவேடு பள்ளியில்தான் இருக்கும். உறுப்பினராக இருக்கிற நம் அக்கா தங்கைகள் அடுத்த கூட்டத்தில் அதைக் கையில் வாங்கி, கடந்த ஓராண்டில் 24-வது பிரிவின்படி எத்தனை பெற்றோரிடம் எந்தத் தேதியில் பிள்ளையைப் பற்றிப் பேசினார்கள் என்று கேட்டு, பதிலை அதே பதிவேட்டில் எழுதச் சொல்லலாம்.