மாதேரான்

மகாராஷ்டிரத்தின் ராய்கட் மாவட்டத்தில், ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்திலுள்ள மலைவாழிடம். 1850இல் தாணே கலெக்டர் ஹியூ மாலெட் இதை ஆங்கிலேயரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். நவி மும்பையின் நெருளில் இருப்பவர்கள் தாணே போய், கர்ஜத் லோக்கலில் ஏறி நேரலில் இறங்க வேண்டும். அங்கிருந்து சுமார் 21 கி.மீ. குறுகிய தண்டவாளத்தில் மலை ரயில். ஆதம்ஜி பீர்பாய் குடும்பத்தின் பணத்தில் 1907இல் அமைந்த இப்பாதையில், மழைக்காலத்தில் நேரலிலிருந்து வண்டி ஏறாது. சாலையில் வருவோரின் கார்கள் தஸ்தூரி நாக்காவிலேயே நின்றுவிடும். அப்பால் நடை, குதிரை அல்லது அமன் லாட்ஜ் நிலையத்திலிருந்து செல்லும் ரயில்.

மாதேரானின் காட்டைக் காத்தது மோட்டார் வண்டிகளுக்கான இந்தத் தடையே. டார்ஜிலிங்குக்கு 1881இலும் சிம்லாவுக்கு 1903இலும் ரயில் வந்தது. ஆனால் பின்னர் மோட்டார் வண்டிகளையும் உள்ளே விட்ட அந்த இமயமலை நகரங்கள் இன்று நெரிசலில் திணறுகின்றன. மாதேரானை 2003இல் மத்திய அரசு சூழலுணர்வு மண்டலமாக அறிவித்தது.

முதியோரும் நோயாளிகளும் என்ன செய்வார்கள், கைரிக்ஷாவில் மனிதனை மனிதன் இழுப்பதா என்ற எதிர்க்கேள்விகள் நியாயமானவை. இரண்டாவதற்கு, கைரிக்ஷாக்களை ஆறு மாதங்களில் நிறுத்தச் சொல்லி 2025இல் உச்ச நீதிமன்றம் விடையளித்தது. முதலாவதற்கு ஆம்புலன்ஸும், உள்ளூர்த் தொழிலாளர் ஓட்டும் அளவான மின்ரிக்ஷாக்களும் போதும். சுற்றுலாக் கார்களுக்கு வழிவிட அது காரணமாகாது.