சேதுக்கரை முதல் காயல் வரை

பாண்டிய நாட்டு வரலாறு என்றவுடன் நம் நினைவு மதுரைக்குச் செல்கிறது. அம்மதுரையின் செல்வத்துக்கு வாயிலாக விளங்கிய கடற்கரையை நினைப்பவர் சிலரே. இராமேசுவரம் செல்வோர் பாம்பன் பாலத்தைக் கண்டு திரும்புவர். திருச்செந்தூர் செல்வோர் கடலாடித் திரும்புவர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கரையோ, ஊர்திகள் விரைந்து கடக்கும் வெறும் வழியாகவே கருதப்படுகிறது.

சேதுக்கரையிலிருந்து காயல்பட்டினம் வரை சாலை வழியே ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அரை நாளில் கடக்கத்தக்க இத்தொலைவை நாம் குடும்பத்தோடு மூன்று நாட்களில் கடந்தோம். பனை நிழல் கண்ட இடத்தில் அமர்ந்தோம். ஊரின் பெயர் புதிதாக ஒலித்தால் அதன் காரணம் கேட்டோம். அவ்வாறு கேட்டுச் சென்றபோது ஓர் உண்மை புலனாயிற்று. இக்கரையின் வரலாற்றில் ஒரு பாதி நூல்களில் இருக்கிறது. மறுபாதி கல்லிலும், ஊர்ப்பெயரிலும், வீட்டுப் பெட்டகங்களிலும் இருக்கிறது. முன்னது காக்கப்பட்டுவிட்டது. பின்னது நம் கண்முன்னே கரைந்துகொண்டிருக்கிறது.

கோயிற் சுவரில் ஒரு பள்ளிவாசல்

சேதுக்கரைக்கு அருகிலுள்ள திருப்புல்லாணி, வைணவர் போற்றும் திருப்பதிகளுள் ஒன்று. அக்கோயிலின் 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டொன்று, பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் இருந்த சோனகரின் பள்ளிவாசலுக்கு அரசன் அளித்த நிலக்கொடையைக் கூறுகிறது. பெருமாள் கோயிலின் கல்லில் பள்ளிவாசலின் உரிமை பொறிக்கப்பட்டிருப்பதை நம் பிள்ளைகள் வியப்போடு கேட்டனர். அக்காலத்தவர்க்கு அதில் வியப்பு ஏதும் இருந்திராது. ஊரறிய வேண்டிய செய்தியை ஊரார் கூடும் இடத்தில் வெட்டி வைத்தனர், அவ்வளவே.

அப்பட்டினமே இன்றைய பெரியபட்டினம் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. 1987இல் அங்கு நிகழ்ந்த அகழாய்வில் 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. 1340களில் இக்கரைக்கு வந்த இப்னு பதூதா, 'பத்தன்' என்னும் துறைமுகத்தைக் குறிப்பிடுகிறார். கடலுக்குள் பெருந்தூண்கள் நாட்டி எழுப்பிய மரமண்டபத்தையும், கல்லாற் கட்டிய அழகிய பள்ளிவாசலையும் அங்குக் கண்டதாக எழுதுகிறார். அந்தப் பத்தனும் இவ்வூரே என்பார் உளர். இன்று அங்கே தென்னந்தோப்புகளும், மணலும், அமைதியான கடலுமே உள்ளன. பெருமையெல்லாம் பெயரில் தங்கிவிட்டது.

வள்ளலின் ஊர்

பெரியபட்டினத்துக்கு அடுத்துக் கீழக்கரை. 17ஆம் நூற்றாண்டில் கிழவன் சேதுபதியின் காலத்தில் இங்கு வாழ்ந்தவர் செய்கு அப்துல் காதிர் மரக்காயர். அவரையே தமிழுலகம் வள்ளல் சீதக்காதி என்று அறியும். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடத் தூண்டுகோலாய் நின்றவர் அவர். இவ்வூரின் பழைய ஜும்ஆப் பள்ளியைக் காண்போர் அதன் கல்தூண்களை மறவார். திராவிடக் கட்டடக் கலையின் வேலைப்பாடு கொண்ட அத்தூண்களில் உருவங்கள் இல்லை. பூவும் கொடியுமே உள்ளன. கோயில் கட்டிய சிற்பிகளின் கைத்திறன் தொழுகைக் கூடத்துக்கும் பயன்பட்டது.

கீழக்கரையைக் கடந்து, ஏர்வாடி தர்காவில் சற்றுத் தங்கி, மேற்கே சென்றோம். வாலிநோக்கம், சாயல்குடி, வேம்பார், வைப்பாறு என்று ஊர்கள் நீளுகின்றன. பனங்காடுகளும், சீமைக்கருவேலமும், வெள்ளை வெளேரென்ற உப்பளங்களும் மாறி மாறி வருகின்றன. வழியில் பனையோலைப் பட்டையில் பதநீர் பருகினோம். வேம்பாரில் பரதவக் கிறித்தவர் வாழ்கின்றனர். முத்துக்குளித்தலில் பரதவரும் முஸ்லிம்களும் ஒரே கடலில் மூழ்கினர். சில வேளைகளில் போட்டியிட்டனர், சில வேளைகளில் ஒன்றாய்ப் பிழைத்தனர்.

கரையிலிருந்து கடலை நோக்கினால் தீவுகள் சில தென்படும். மன்னார் வளைகுடாவில் இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. எனினும் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை நெடுங்காலம் வெட்டி எடுத்ததன் விளைவாகத் தீவுகளுள் இரண்டு நீரில் மறைந்தன. கடல்கோள் என்பது பழங்கதை மட்டுமன்று. மனிதன் கைகொடுத்தால் இன்றும் நிகழும்.

ஆறு நகர்த்திய துறைமுகங்கள்

தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணி கடலொடு கலக்கும் பகுதி, வரலாற்றுப் பாடமாகவே அமைந்திருக்கிறது. சங்க இலக்கியம் முத்துக்குப் புகழ்ந்த கொற்கை இன்று கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். நாணயச் சாலையைக் குறிக்கும் 'அக்காசாலை' என்ற சொல் மட்டும் அங்குள்ள பழங்கோயிலின் பெயரில் நிலைத்திருக்கிறது. பகைவர் எவரும் கொற்கையை அழிக்கவில்லை. ஆறு கொணர்ந்த வண்டல் துறைமுகத்தைத் தூர்த்தது, கடல் விலகிற்று, வணிகரும் கடலைத் தொடர்ந்து சென்றனர். கொற்கைக்குப் பின் காயல் எழுந்தது. காயலும் தூர்ந்தபின் புன்னைக்காயலும் தூத்துக்குடியும் ஓங்கின.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ காயலைப் பெருநகர் என்கிறார். ஹுர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரைகளோடு வரும் கப்பல்கள் அங்குத் தங்கும் என்றும் கூறுகிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் தரும் கணக்கு இன்னும் பெரியது: ஆண்டுக்குப் 10,000 குதிரைகள், குதிரை ஒன்றுக்கு 220 தீனார். பாண்டியனின் அமைச்சராய் அமர்ந்து, காயல் உள்ளிட்ட துறைமுகங்களைப் பொறுப்பேற்றவர் தகீயுத்தீன் அப்துர் ரஹ்மான் என்ற அரபு வணிகர் என்றும் அவர் எழுதுகிறார். போலோ கண்ட காயல் இன்றைய பழையகாயலே என்றார் கால்டுவெல். காயல்பட்டினமே என்பாரும் உளர். வழக்கு எவ்வாறு முடியினும், அக்குதிரைகளின் குளம்படி கேட்ட மண் இதுதான்.

புன்னைக்காயலுக்கு மற்றொரு சிறப்பு உண்டு. தமிழ் அச்சுக்கலையின் தொடக்க நூல்களுள் ஒன்றான அண்டிரிக் அடிகளாரின் 'அடியார் வரலாறு' 1586இல் இங்கு அச்சேறியது. இன்று ஆற்றுமுகத்தில் படகுகள் ஆடும் இச்சிற்றூரைக் காண்போர், ஈயத்தில் தமிழ் எழுத்து வார்த்த ஊர்களுள் இதுவும் ஒன்று என்பதை எண்ணியும் பாரார்.

பெட்டகங்களின் நிலை

காயல்பட்டினத்தை அடைந்தபோது நம் பயணத்தின் இரு முனைகளையும் ஒருவரே இணைப்பதை உணர்ந்தோம். அவர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள். 1816இல் காயல்பட்டினத்தில் பிறந்து, கீழக்கரையில் வாழ்ந்து, 1898இல் மறைந்தவர். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழில் பல நூல்கள் இயற்றியவர். அத்தகைய நூல்கள் ஆலிம்களின் கையில் மட்டும் இருக்கவில்லை. அவற்றை வீட்டுக்குள் ஓதியும் ஓதக் கேட்டும் வளர்த்தவர்கள் நம் பெண்களே. இவ்வூர்களில் மணமகன் மனைவியின் வீட்டில் வாழ்வதே வழக்கம். வீடு மகளுக்கு உரியது. ஆதலின் கிதாபுகளும் பத்திரங்களும் அடங்கிய பெட்டகமும் தாய் வழியே மகளுக்குச் செல்கிறது.

நாம் சென்ற வீடொன்றில் மூதாட்டியார் அத்தகைய கிதாபு ஒன்றை விரித்துத் தடையின்றி வாசித்தார். அருகில் நின்ற பேத்தியைச் சுட்டி, "இவ எல்லாப் படிப்பும் படிச்சிருக்கா, இதை மட்டும் நான்தான் வாசிச்சுச் சொல்லணும்" என்றார். பெருமையும் வருத்தமும் அக்குரலில் கலந்திருந்தன. கிதாபின் ஓரங்களைச் செல் அரித்திருந்தது.

கொற்கையைத் தூர்த்த வண்டலை யாராலும் தடுத்திருக்க இயலாது. பெட்டகத்தை அரிக்கும் செல்லை நம்மால் தடுக்க இயலும். பழைய வீட்டை இடிக்குமுன் அதன் ஏடுகளைப் பிரித்துப் பார்ப்பதும், பக்கங்களைப் படமெடுத்து வைப்பதும், மீசான் கற்களுக்குச் சுண்ணாம்பு பூசுமுன் எழுத்துகளைப் படியெடுப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் செயல்கள் அல்ல. அடுத்த விடுமுறையில் இக்கரைக்குச் செல்லும் குடும்பத்தார், ஒரு குறிப்பேட்டையும் உடன் கொண்டு செல்லட்டும். வாசிக்கத் தெரிந்த மூதாட்டியர் இருக்கும்போதே பேத்தியர் அவர்கள் அருகில் அமரட்டும்.