தென்னாப்பிரிக்காவில் முதியோர் உதவித்தொகை

தென்னாப்பிரிக்காவில் முதியோர் உதவித்தொகை பிறந்தபோதே இனம் பார்த்துப் பிறந்தது. 1928ஆம் ஆண்டின் சட்டம் ஏழை வெள்ளையருக்கும் கலப்பினத்தவருக்கும் மட்டுமே பணம் தந்தது. கலப்பினத்தவருக்குத் தொகை குறைவு. ஆப்பிரிக்க முதியோரைச் சொந்தபந்தங்கள் பார்த்துக்கொள்ளும் என்று காரணம் சொல்லப்பட்டது. நிலம் பறிபோய், பிள்ளைகள் சுரங்க வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் சொன்ன காரணம் அது. இந்தியருக்கும் இடமில்லை. 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களும் அவர்கள் வழிவந்தோருமே அவர்களில் பெரும்பான்மையினர், தமிழர் ஏராளம். 1927ஆம் ஆண்டின் கேப்டவுன் உடன்படிக்கை, பணம் கொடுத்தே அவர்களை இந்தியாவுக்குத் திருப்பியனுப்ப வழிசெய்திருந்தது. மறு ஆண்டே அவர்களுக்கு உதவித்தொகை மறுக்கப்பட்டதில் வியப்பில்லை.

1944இல் ஆப்பிரிக்கரும் இந்தியரும் சேர்க்கப்பட்டனர். ஆனாலும் தொகை இனத்துக்கு இனம் மாறியது. ஆப்பிரிக்கருக்குத்தான் மிகக் குறைவு. அந்தப் பணமும் பல பத்தாண்டுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறையே அவர்கள் கைக்கு வந்தது. ஆளுக்கு இன்ன விலை என்று அரசே எழுதிக்கொடுத்தது போன்ற ஏற்பாடு. இந்த வேறுபாடு முற்றாக நீங்க 1993 ஆயிற்று.

அப்போது மாதத் தொகை 370 ராண்ட். ஆப்பிரிக்கக் குடும்பங்களின் இடைநிலை தலா வருமானத்தைப் போல இருமடங்கு. வேலையில்லாத மகன், பேரப்பிள்ளைகள் என எல்லோரும் பாட்டியின் பணத்தை நம்பியிருந்த வீடுகள் பல. பின்னர் எய்ட்ஸ் பரவி நடுவயதினரைக் கொண்டுபோனபோது, அனாதையான பேரப்பிள்ளைகளை வளர்த்த பாட்டிகளுக்கும் இதுவே கைகொடுத்தது.

இந்தப் பணம் உடல்நலத்தையும் மனநலத்தையும் எப்படி மாற்றியது என்பதற்கு முக்கியமான சான்று பொருளியலாளர் ஆன் கேஸ் செய்த ஆய்வு. 1999இல் மேற்குக் கேப் மாகாணத்தின் லாங்கபெர்க் வட்டாரத்தில் ஏறத்தாழ 300 வீடுகளில் அது நடத்தப்பட்டது. வருமானத்தை ஒன்றாகப் போட்டுச் செலவழித்த வீடுகளில், உதவித்தொகை வந்தபோது முதியவர் மட்டுமல்ல, வீட்டிலிருந்த எல்லோரும் நலமாக இருந்தனர். உணவுக்குத் தட்டுப்பாடு இல்லாதது ஒரு காரணம், வீட்டு வசதிகள் மேம்பட்டது இன்னொன்று. நாளைய செலவுக்கு என்ன செய்வது என்று பெரியவர்களை அன்றாடம் அரித்த மன அழுத்தம் தணிந்தது மூன்றாவது. அவரவர் பணத்தை அவரவரே வைத்துக்கொண்ட வீடுகளிலோ பலன் உதவித்தொகை வாங்கியவரோடு நின்றுவிட்டது.

பணம் யார் கையில் என்பதும் சிறிய விஷயமல்ல. பொருளியலாளர் எஸ்தர் டுஃப்லோ 1993ஆம் ஆண்டின் கணக்கெடுப்பை ஆராய்ந்தபோது, பாட்டி வாங்கிய தொகையால் பேத்திகளின் உடல்வளர்ச்சி மேம்பட்டது தெரிந்தது. தாத்தா வாங்கியதில் அந்தப் பலன் தென்படவில்லை.

பெண்களுக்கு 60 வயதிலும் ஆண்களுக்கு 65 வயதிலும் கிடைத்துவந்த உதவித்தொகை, 2008இல் தொடங்கிப் படிப்படியாக மாற்றப்பட்டு, 2010இல் இருபாலருக்கும் 60 வயதிலேயே கிடைக்கலாயிற்று.