வில்லன் என்றொரு குடியானவன்

கையைப் பிசைந்துகொண்டு எம்.என். நம்பியார் திரையில் வந்ததுமே வில்லன் வந்துட்டான் என்று கொட்டகைக்கே தெரிந்துவிடும். ஆனால் இந்தச் சொல்லுக்கு முதலில் கெட்டவன் என்ற அர்த்தமே கிடையாது.

லத்தீனில் வில்லா என்றால் பண்ணை. அதைச் சார்ந்து உழுதவன் வில்லானுஸ். 1086இல் இங்கிலாந்தில் எடுத்த டூம்ஸ்டே கணக்கில் பதிவானவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் இந்தப் பெயரில்தான் வருகிறார்கள். அடுத்த இரு நூற்றாண்டுகளில் அவர்கள் பண்ணையடிமைகளாக்கப்பட்டார்கள். பிரபு அனுமதிக்காமல் ஊரைவிட்டுப் போகமுடியாது. மகளைக் கட்டிக்கொடுக்கக்கூட அவருக்குப் பணம் கட்டணும்.

உழுதவனின் பெயர் வசையானது எப்படி? எழுத்து பிரபுக்கள், பாதிரிமார், நீதிமன்றங்கள் வசம் இருந்தது. கீழ்ப்பிறப்பு என்றால் கீழ்க்குணம் என்பது அவர்கள் கணக்கு. சாதாரணக் குடியானவனைக் குறித்த 'சர்ல்' முரடன் என்றானது. நல்ல குடியில் பிறந்தவன் என்ற 'ஜென்டில்' மென்மை, நற்பண்பு என்றானது. இழிவும் உயர்வும் ஒரே பட்டறையில் தயாரானவைதான்.

1381 கலகத்தில் குடியானவர்கள் பல ஊர்களில் பண்ணைப் பதிவேடுகளைக் கொளுத்தினார்கள். தம் அடிமைத்தனம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. விடுதலை என்று எழுதிக்கொடுத்த அரசன் இரண்டாம் ரிச்சர்ட், கலகம் அடங்கியதும் அதை ரத்து செய்தான். ஆனாலும் பண்ணையடிமை முறை மெல்லச் செத்தது. இன்று வில்லன் என்றால் எந்த உழவனுக்கும் வலிக்காது.

இதே பாதையில் ஆங்கிலத்துக்குப் போன இன்னொரு சொல் அப்படியல்ல. பறையர் என்ற நம்மூர் மக்களின் பெயரை ஐரோப்பியர் கொண்டுபோய், 19ஆம் நூற்றாண்டில் 'பரையா' என்றால் ஒதுக்கப்பட்டவன் என்று பொதுச்சொல்லாக்கினார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்றே பத்திரிகை தொடங்கி அந்த இழிவை எதிர்கொண்டார். எம்.சி. ராஜா போன்றோரின் முயற்சியால் 1922இல் சென்னை மாகாண அரசு ஆதிதிராவிடர் என்ற பெயரை ஏற்றது. ஆங்கிலம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உலகம் ஒதுக்கும் நாடு இன்றும் 'பரையா ஸ்டேட்'தான்.

அது வெறும் ஆங்கிலச் சொல்தானே என்பவர்கள் உண்டு. வில்லன் விஷயத்தில் அப்படிச் சொல்லலாம். அந்த அடிமைமுறை இன்று இல்லை. பறையர் இருக்கிறார்கள், தீண்டாமையும் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும் நம் தோழர்கள் வில்லனை வைத்துக்கொள்ளட்டும். பரையாவை விட்டுவிடட்டும்.