பூளைப்பூவும் அதிர்வலையும்

போகியன்று மாலை கொங்கு நாட்டு வீடுகளில் காப்புக் கட்டப்படுகிறது. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டிய கொத்தைக் கூரையின் இறவாரத்தில் செருகுவார்கள். கட்டுத்தரைக்கு ஒன்று, கிணற்றடிக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று. பட்டிப்பொங்கலன்று கட்டுத்தரையில் அமைக்கும் தெப்பக்குளத்தின் கரையிலும் இதே பூ இடம்பெறும். பூளை தரிசிலும் வரப்போரத்திலும் தானாக முளைக்கும் சிறுசெடி. இலைக்கக்கத்தில் பஞ்சுபோல் வெள்ளைப் பூங்கொத்து வைக்கும். குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் மலர்களில் பூளையும் உண்டு.

சித்த மருத்துவத்தில் இதன் பெயர் சிறுபீளை. கல்லடைப்பு, நீர்ச்சுருக்கு, நீர்க்கடுப்பு மூன்றுக்கும் இது முதன்மையான மூலிகை. வேரோடு பிடுங்கிய செடியை மண் போக அலசி, இடித்து, எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காக வற்றும்வரை காய்ச்சினால் சிறுபீளைக் குடிநீர். நெருஞ்சில் முள்ளை உடன் சேர்ப்பதும் உண்டு. ஊர்ப்புறத்தில் சிறுநீர் எரிந்தால் ‘சூடு பிடித்துக்கொண்டது’ என்பார்கள்; சூட்டைத் தணித்து நீரைப் பிரியவைப்பதே இந்தக் கசாயத்தின் வேலை என்பது அவர்கள் கணக்கு. ஆய்வுக்கூடம் இந்தச் செடியிடம் தாமதமாகத்தான் வந்தது. செயற்கையாகச் சிறுநீரகக் கல் உண்டாக்கிய எலிகளுக்குச் சிறுபீளை கொடுத்துப் பார்த்த இந்திய ஆய்வொன்று 2006இல் வெளியானது. கல் உருவாவதற்கான அடையாளங்கள் அவற்றில் குறைந்தன.

அதற்கு வெகு முன்பே, கல்லை வெளியிலிருந்தே உடைக்கும் வழி ஜெர்மனியில் பிறந்தது. வானூர்தி செய்யும் டோர்னியர் நிறுவனம், அதிவேகத்தில் பறக்கும்போது மழைத்துளி மோதி உலோகத்தில் எழும் அதிர்வலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தது. அந்த அறிவை மருத்துவத்துக்குத் திருப்பி, 1980 பிப்ரவரியில் மியூனிக்கில் கிறிஸ்டியன் சாஸியின் குழு முதல் நோயாளிக்குச் சிகிச்சை அளித்தது. நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இருத்தி, நீருக்கடியில் மின்பொறி வெடிக்கவைத்தார்கள். நீள்வட்டக் கிண்ணத்தின் ஒரு குவியத்தில் எழும் அலை, மறு குவியத்தில் உள்ள கல்லில் போய்க் கூடும். அலை தாண்டிவரும் தசை பெரும்பாலும் தப்ப, கல் நொறுங்கும். கத்தியே படாமல் கல்லைக் கரைசேர்த்த இந்த முறை மருத்துவ வரலாற்றின் பெரும் நற்பேறுகளில் ஒன்று.

நொறுங்கிய துகள் சிறுநீரோடு வெளியேறினால்தான் சிகிச்சை முடிந்ததாகும். மூலிகைக்கு இடம் கிடைத்தது இங்கேதான். இத்தாலியில் 150 நோயாளிகளுக்கு அலையால் கல் உடைத்த பின், ஒரு பிரிவினருக்குக் கீழாநெல்லி இனச் செடியின் சாறு நாளொன்றுக்கு 2 கிராம் வீதம் குறைந்தது மூன்று மாதம் கொடுத்தார்கள். 2006இல் வெளியான முடிவின்படி, சாறு எடுத்தவர்களில் 93.5 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 83.3 விழுக்காட்டினருக்கும் கல் நீங்கியது. மொத்தத்தில் இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் சிறுநீரகத்தின் அடிக்கிண்ணத்தில் தங்கிய கற்களில் அது தெளிவாக இருந்தது: 93.7க்கு 70.8.

கல்லும் இல்லை, கிருமியும் இல்லை, வலி மட்டும் மாதக்கணக்கில் விடாது என்னும் நிலைதான் நாட்பட்ட இடுப்புக்குழி வலி. ஆண்களில் இது விதைப்பைக்கும் மலவாய்க்கும் இடையிலோ அடிவயிற்றிலோ குத்தும். சிறுநீர் கழிக்கையில் எரியும். நீர்க்கடுப்பு என்ற பழைய சொல்லுக்குள் இதுவும் அடங்கிக் கிடந்திருக்க வேண்டும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 1995இல் இதைத் தனி வகையாகப் பிரித்தது. ‘ஒன்றுமில்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்ட நோயாளிகளுக்கு அந்தப் பெயரே ஒரு நியாயம். 2009இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 60 ஆண்களில் பாதிப் பேருக்குக் குறைந்த ஆற்றல் அலை, வாரம் ஒருமுறை, நான்கு வாரம், விதைப்பைக்கும் மலவாய்க்கும் இடைப்பட்ட பகுதியில் செலுத்தப்பட்டது. மீதிப் பேருக்குப் போலி சிகிச்சை. அலை பெற்றவர்களுக்கு வலி குறைந்தது. உடைக்க இங்கே கல் கிடையாது. இரத்த ஓட்டம் கூடுவதும், இறுகிய தசை தளர்வதும், வலி நரம்பு அடங்குவதும் காரணமாகச் சொல்லப்படுகின்றன.

இதே வலிக்கான தாவரச் சாறுகளின் தடம் தனியே ஓடியது. அதே 2009இல் மகரந்தச் சாறு 139 ஆண்களிடம் 12 வாரம் சோதிக்கப்பட்டு, போலி மருந்தைவிட வலியைக் குறைத்தது. அதற்கு முன்பே, 1999இல், குவெர்செட்டின் என்னும் தாவரப் பொருள் 30 ஆண்களிடம் சோதிக்கப்பட்டிருந்தது. 500 மில்லிகிராம் நாளுக்கு இரண்டு வேளை, ஒரு மாதம். எடுத்தவர்களில் 67 விழுக்காட்டினருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம், போலி மருந்தில் 20 விழுக்காட்டினருக்கு. இந்த வலிக்கு அலையையும் சாற்றையும் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. அலை தசையையும் இரத்த ஓட்டத்தையும் கவனிக்க, சாறு அழற்சியைக் கவனிக்கட்டும் என்பதுதான் அதன் அடிப்படை.

குவெர்செட்டின் வெங்காயத்திலும் உண்டு. பல்லடம், பொங்கலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் விளையாத தோட்டம் குறைவு. ஆனாலும் நாளுக்கு ஒரு கிராம் வேண்டுமென்றால் கிலோக்கணக்கில் தின்ன வேண்டியிருக்கும். ஆய்வில் கொடுத்த அளவு, செறிவாக்கிய சாற்றில் மட்டுமே கிடைக்கும்.