சந்தை நாளில் ஓதப்பட்ட வேதம்

பாபிலோனியச் சிறையிருப்பினின்று மீண்ட யூத ஜனங்கள், கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எருசலேமின் தண்ணீர்வாசலுக்கு முன்னுள்ள வீதியிலே ஆண்களும் பெண்களுமாகத் திரண்டு நிற்க, வேதபாரகராகிய எஸ்றா மரத்தாலான பீடத்தின்மேல் ஏறி, காலை தொடங்கி நண்பகல்மட்டும் நியாயப்பிரமாண நூலை வாசித்தார் என்று நெகேமியாவின் ஆகமம் உரைக்கின்றது. அவ்வர்ணனையில் நாம் முக்கியமாகக் கவனிக்கத் தக்கவர்கள், ஜனங்களிடையே நின்று, வாசித்ததன் பொருளை அவர்களுக்கு விளங்கச் செய்த லேவியர்கள். ஓதுதலோடு அமையாது உணர்த்துதலும் வேண்டும் என்ற அக்கொள்கையே, பிற்காலத்தில் நாடிழந்து சிதறிய அச்சமூகத்தின் வாராந்தர பாராயணத்துக்கு உயிராக நின்றது என்பது என் துணிபு.

ஓய்வுநாளாகிய சனிக்கிழமையில் மட்டுமின்றி, திங்கட்கிழமையிலும் வியாழக்கிழமையிலும் தோரா என்னும் அந்நியாயப்பிரமாண நூலை ஓதவேண்டும் என்ற நியதியையும் எஸ்றாவே வகுத்தார் என்பது யூதர்களின் பாரம்பரிய நம்பிக்கை. அவ்விரண்டும் சுற்றுப்புறக் கிராமத்தார் சந்தைக்காகவும் வழக்குகளுக்காகவும் நகரத்தில் கூடும் நாட்கள். படிக்கல்லும் மரக்காலும் பொய்யாதிருக்க வேண்டும் என்றும், கூலியாளின் கூலி பொழுது விடியுமட்டும் முதலாளியிடம் தங்கலாகாது என்றும் விதிக்கின்ற ஒரு நூல், விற்பவனும் வாங்குபவனும் கூடுகின்ற நாளிலேயே ஓதப்பட்டதில் எத்துணை விவேகம் இருக்கிறது!

அரமேயம் வீட்டு மொழியாகிவிட்ட காலத்தில், ஜெப ஆலயத்தில் வாசிப்பவர் எபிரேய வசனம் ஒன்றை ஓதி நிறுத்த, அருகில் நின்ற மொழிபெயர்ப்பாளர் அதை அரமேயத்தில் எடுத்துரைப்பார். அவர் ஏட்டைப் பார்த்துச் சொல்லலாகாது, அவருடைய வார்த்தைகளையும் மூலவேதமென்று ஜனங்கள் மயங்கிவிடக் கூடாதன்றோ? பாபிலோனியாவில் தோரா முழுவதும் 54 பகுதிகளாக ஓராண்டில் ஓதி முடிக்கப்பட்டது; பாலஸ்தீனத்தார் அதற்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டனர். 12ஆம் நூற்றாண்டில் எகிப்துக்குச் சென்ற துதேலா நகரத்துப் பெஞ்சமின் என்ற யாத்திரிகர் இவ்விரு முறைகளும் ஒரே நகரில் வழங்கக் கண்டார். நாளடைவில் பாபிலோனிய முறையே நிலைத்தது.

ஆண்டுதோறும் திரும்பி வரும் ஒரே கதையிலிருந்து ரபிமார் எடுத்துக் காட்டிய நீதி எத்துணை நுட்பமானது என்பதற்கு ஆபிரகாமின் அதிதி உபசாரம் ஒன்றே சாலும். வெயிலேறிய வேளையில் கூடார வாசலில் அமர்ந்திருந்த அம்முதியவர், வழிப்போக்கர் மூவரைக் கண்டு ஓடிச் சென்று, கொஞ்சம் அப்பம் தருகிறேன், இளைப்பாறிச் செல்லுங்கள் என்று வேண்டுகிறார். பரிமாறியதோ மெல்லிய மாவினாற் சுட்ட அப்பங்களும், வெண்ணெயும் பாலும், இளங்கன்றின் இறைச்சியும். அடுத்த வாரப் பகுதியிலே, இறந்த மனைவியை அடக்கம் செய்ய நிலம் கேட்டு நிற்கும் அதே ஆபிரகாமிடம், எப்பெரோன் என்பவன் நிலத்தைச் சும்மாவே தருவதாகச் சபையார் முன்னிலையில் முழங்கி, முடிவில் 400 சேக்கல் வெள்ளியை நிறுத்து வாங்கிக்கொள்கிறான். ரபிமாரின் நூலாகிய தல்மூத் இவ்விருவரையும் அருகருகே நிறுத்தி, சான்றோர் குறையச் சொல்லி நிறையச் செய்வர், கயவரோ நிறையச் சொல்லிச் சிறிதும் செய்யார் என்று காட்டுகிறது.

இத்தகைய வியாக்கியானங்கள் நெடுங்காலம் எபிரேயம் கற்ற ஆடவர் வசமே பெரும்பாலும் இருந்தமை வருந்தத்தக்கது. யாக்கோபு பென் ஈசாக்கு அஷ்கெனாசி யித்திஷ் மொழியில் இயற்றிய ‘செனா உரேனா’ அக்குறையைப் பெரிதும் போக்கிற்று. கிடைத்துள்ள பதிப்புகளில் மிகப் பழையது 1622ஆம் ஆண்டினது. வாரப் பகுதிதோறும் கதையும் உபதேசமுமாகத் தொடுத்த அந்நூலை, கிழக்கு ஐரோப்பிய யூதப் பெண்கள் ஓய்வுநாட்களில் தலைமுறை தலைமுறையாகப் படித்து வந்தனர்.

படிப்பவராக இருந்த பெண்ணே ஊருக்கெல்லாம் போதகராகவும் ஆனதை 20ஆம் நூற்றாண்டு கண்டது. 1905இல் ரீகாவில் பிறந்து, 1930இல் பாலஸ்தீனத்தில் குடியேறிய நெகாமா லெய்போவிட்ஸ் அம்மையார், 1942 முதல் ஏறக்குறைய 30 ஆண்டுகள், வாரப் பகுதியைப் பற்றிய வினாத்தாள்களைச் சைக்ளோஸ்டைல் செய்து தபாலில் அனுப்பி வந்தார். நீதியைத் தாமே சொல்லிவிடாமல், வேத உரைகாரராகிய ராஷி ஒருவாறும் பிற உரைகாரர் வேறொருவாறும் பொருள் கொண்டது ஏன் என்று வினவி, கடினமான வினாவுக்கு ஒரு பெருக்கல் குறியும், அதனினும் கடினமானதற்கு இரண்டும் இட்டார். குடியானவரும் சிப்பாய்களும் ஆசிரியர்களும் எழுதியனுப்பிய ஆயிரக்கணக்கான விடைகளை அவர் தம் கையாலேயே திருத்தித் திருப்பியனுப்பினார்.